தாமான் வீட்டுக்கு ஒரு பார்: கொண்ட்ராக்டரைக் கூப்பிடுவதற்கு முன்

வீட்டில் பார் வைப்பது என்று முடிவு செய்துவிட்டீர்கள். வாழ்த்துகள். கிள்ளானில் இருபதுக்கு எழுபதடி மனையில் இரட்டை மாடி வீடு, அல்லது பிரிக்பீல்ட்ஸில் ரயில் சத்தம் கேட்கும் உயரத்தில் ஒரு கொண்டோ, இரண்டில் ஒன்று உங்களுடையது என்று வைத்துக்கொள்கிறேன். பின்கட்டை இழுத்துச் சமையலறையைப் பெரிதாக்கியாயிற்று. போர்ச்சுக்குக் கூரை போட்டாயிற்று. ஆட்டோ கேட் வந்து, அது ரிப்பேரும் ஆகி, இப்போது கையால்தான் தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள். உழைத்துக் களைத்த மனிதனுக்கு வீட்டில் இனிச் செய்ய என்ன மிச்சம்? பார் ஒன்றுதான்.

முதலில் ஒரு விஷயத்தில் மனத்தெளிவு வேண்டும். இந்தப் பார் குடிப்பதற்கா, காட்டுவதற்கா? குடிப்பதற்கு என்றால் இதற்கு மேல் படிக்காதீர்கள். ஓர் ஐஸ் பெட்டி, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பாக்கெட் கச்சாங் போதும். இருநூறு வெள்ளியில் காரியம் முடிந்தது. காட்டுவதற்கு என்றால் உட்காருங்கள், பேசலாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் நான் பார்த்த வீட்டுப் பார்கள் எல்லாமே இரண்டாவது வகைதான். அவற்றின் முன்னால் ஆட்கள் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், போட்டோவுக்கு. போட்டோ எடுத்து முடிந்ததும் டம்ளரைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவார்கள்.

காட்டுவதை நான் குறை சொல்ல மாட்டேன். அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. நம் தாத்தாக்கள் குடித்த இடம் தோட்டத்துக் கள்ளுக்கடை. விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால்மரம் வெட்டி, பாலைக் கொண்டுவந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, மாலையில் குவளையோடு நின்றார்கள். சம்பளம் கொடுத்ததும் தோட்டம், கள்ளுக்கடைக்கு இடம் கொடுத்ததும் தோட்டம். கொடுத்த காசு கேட்டைத் தாண்டவில்லை. 1941-ல் இதே கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டபோது, சம்பளத்தை ஏற்று, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்ற கோரிக்கைகளோடு, கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒன்று. முன்னின்று நடத்தியவர் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன், ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் துணையாசிரியராக இருந்தவர். மே மாதம் அவரைப் பிடித்துக் கடைசியில் நாடு கடத்தினார்கள். சிலாங்கூரில் அவசரநிலை, துருப்புகள், துப்பாக்கிச்சூடு, தொழிலாளர்களில் ஐந்து பேர் சாவு. போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை என்று கிளம்பி மறுபடியும் கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றார்கள்.

ஆக, தாத்தா மூடச் சொல்லி அடிவாங்கிய கடையைப் பேரன் பேங்க் கடன் வாங்கித் தன் ஹாலிலேயே திறக்கிறான். இதில் அவன் வெட்கப்பட ஒன்றுமில்லை. லயத்து வீட்டிலிருந்து தாமான் வீட்டுக்கு வந்து சேர்ந்த தூரத்தை ஒரே பார்வையில் சொந்தக்காரர்களுக்கு எடுத்துச் சொல்ல, மகளின் பட்டமளிப்புப் படத்துக்கு அடுத்தபடி பாரைப் போல ஒரு சாமான் கிடையாது. படத்தைக் காட்டினால் “எந்த யூனிவர்சிட்டி?” என்று ஒரு கேள்வி வரும். பாரைக் காட்டினால் எந்தக் கேள்வியும் வராது.

இனி இடம். பாருக்கு வீட்டில் எல்லாருக்கும் தோன்றும் முதல் இடம் மாடிப்படிக்குக் கீழே. அந்த இடத்துக்கு ஏற்கெனவே மூன்று பேர் போட்டி: செருப்பு அலமாரி, வேக்கம் கிளீனர், சாமி. செருப்பை வெளியே தள்ளலாம். சாமியைத் தள்ள முடியாது. வாஸ்துக்காரரைக் கேட்டால் வடகிழக்கு சாமிக்கு என்பார், தென்கிழக்கு அடுப்புக்கு என்பார். பாருக்கு எந்த மூலை என்று கேளுங்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு என்ன பிராண்டு என்று கேட்பார். படிக்குக் கீழேதான் என்று பிடிவாதமாக இருந்தால் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அங்கே கூரை சரிந்து இறங்கும். ஸ்டூல்களை வரிசையாகப் போட்டால் உயரமானவர் வாசல் பக்கம், குட்டையானவர் உள்பக்கம் என்றுதான் உட்கார முடியும். பள்ளிக்கூடத்து வகுப்புப் படம் எடுத்த மாதிரி இருக்கும். அதுவும் போட்டோவுக்கு நல்லதுதான்.

சாமிக்கும் பாருக்கும் இடையே எத்தனை அடி என்பதற்கு ஆகமத்தில் விதி இல்லை. ஆனால் எந்தச் சாமி என்பதைப் பொறுத்து வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும். பிள்ளையாரும் லட்சுமியும் மட்டும் இருக்கும் மேடை என்றால் நடுவே ஒரு சுவராவது வேண்டும். முனியாண்டியையோ சங்கிலிக் கறுப்பரையோ கும்பிடும் குடும்பம் என்றால் சிக்கல் வேறு மாதிரி: அவர்களுக்குப் படையலில் சுருட்டோடு ஸ்டவுட்டும் உண்டு. படைத்து முடித்த புட்டியைப் பாரில் வைக்கலாமா, அல்லது பாரிலிருந்து ஒரு புட்டியை எடுத்துப் படைக்கலாமா? எனக்குத் தெரிந்த பூசாரி ஒருவரிடம் கேட்டேன். “மூடி திறக்காம இருந்தா எடுக்கலாம்” என்றார். திறந்திருந்தால்? “அப்ப அது சாமிக்கு முன்னாடியே யாரோ சாமியாடிட்டாங்கன்னு அர்த்தம்.”

அடுத்தது அளவு. இங்கேதான் ஏமாற்றுவார்கள். பார் மேடையின் உயரம் 42 அங்குலம். சமையல் மேடை 36 அங்குலம். கொண்ட்ராக்டர் “ரெண்டும் ஒண்ணுதான் பாஸ்” என்பார், நம்பாதீர்கள். 36-ல் கட்டினால் அது வெங்காயம் நறுக்கும் இடம். ஒரு வாரத்துக்குள் வீட்டுக்காரம்மா நிரூபித்துக் காட்டுவார். 42 அங்குல மேடைக்கு 30 அங்குல ஸ்டூல். முழங்கால் இடிக்காமலிருக்க மேல்பலகை முன்பக்கம் எட்டு முதல் பத்து அங்குலம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆளுக்கு இரண்டடி அகலம் என்பது உலகக் கணக்கு. நம் சித்தப்பாக்களுக்கு இரண்டரை போடுங்கள். மேடை இரண்டடி. பின்னால் நின்று ஊற்றுகிறவர் திரும்புவதற்கு மூன்றடி. அவருக்குப் பின்னால் புட்டி அடுக்க ஓரடி. முன்னால் ஸ்டூலுக்கும், ஸ்டூலிலிருந்து இறங்குகிறவர் தடுமாறுவதற்கும் சேர்த்து மூன்றடி. கூட்டினால் ஒன்பதடி. வீட்டின் அகலமே இருபதடிதான். மிச்சத்தில் சோபா, டிவி, சாமி, மீன்தொட்டி, மாமியாரின் சாய்வு நாற்காலி. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்களில் பாதிப் பேர் இங்கேயே மனம் மாறி ஓர் அலமாரியோடு நின்றுவிடுவார்கள்.

அலமாரியைக் கேவலமாக நினைக்க வேண்டாம். பிரிக்பீல்ட்ஸ் பாணி அதுதான். 1905 வாக்கில் அரசாங்க, ரயில்வே ஊழியர்களுக்காக அங்கே கட்டிய நூறு குவார்ட்டர்ஸை இப்போது பெரும்பாலும் இடித்துவிட்டார்கள். அந்தக் காலத்து ரயில்வே கிராணிகளின் வீட்டில் பார் என்றால் பூட்டுப் போட்ட ஓர் அலமாரி, அதற்குள்ளே ஒரு பிராந்தி, ஒரே ஒரு சாவி. சாவி ஐயாவின் இடுப்பில். பிள்ளை பெற்ற மகளுக்குப் பத்தியத்துக்கு ஒரு கரண்டி, குளிர்காய்ச்சல் வந்தவனுக்கு அரைக் கரண்டி, ஐயாவுக்கு எவ்வளவு என்பது ஐயாவுக்கு மட்டும் தெரியும். இட நெருக்கடி இல்லை, ஸ்டூல் இல்லை, சண்டை இல்லை. வீட்டுப் பார் என்ற கலையில் நம் இனம் எட்டிய உச்சம் இதுதான் என்பது என் கருத்து. ஆனால் சொந்தக்காரர்கள் வந்தால் பார்க்க ஒன்றும் இருக்காது. அதனால் கிள்ளான் பாணிக்கே திரும்புவோம்.

மரம் எது? கொண்ட்ராக்டர் பிளைவுட் என்பார். கரையான் அதற்காகவே காத்திருக்கிறது. அலுமினியக் கேபினட்காரர் கரையான் வராது என்பார். உண்மைதான், ஆனால் பார் ஆஸ்பத்திரி மருந்து அறை மாதிரி இருக்கும். தேக்குக்கு உங்களிடம் காசில்லை. என் சிபாரிசு ரப்பர் மரம்.

ஆமாம், அதேதான், பால்மரம். இருபத்தைந்து முப்பது வருடம் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை முன்பெல்லாம் வெட்டி விறகாக்கினார்கள். இப்போது மலேசியாவிலிருந்து ஏற்றுமதியாகும் மரச்சாமான்களில் பெரும்பங்கு அந்த மரம்தான். மூவார் பக்கம் போனால் பட்டறை பட்டறையாக அறுத்து இழைத்துக்கொண்டிருப்பார்கள். மரச்சாமான் கடைக்குப் போய் ஒரு ரப்பர் மரப் பலகையைக் கிட்டத்தில் பாருங்கள். வெளிர் மஞ்சள். ஒரே பலகை என்று தூரத்தில் தெரிவது கிட்டே வந்தால் இரண்டு மூன்று அங்குல அகலத் துண்டுகள். பால்மரம் பெரிய பலகையாகக் கிடைக்காது, அதனால் துண்டுகளின் முனையைப் பல்லுப் பல்லாக வெட்டி ஒன்றோடொன்று கோத்துப் பசை போட்டு அழுத்தியிருப்பார்கள். கோத்த இடத்தில் நகத்தால் கீறிப் பாருங்கள். நகம் தட்டினால் வாங்காதீர்கள். அந்த மரத்தில் மாவுச்சத்து அதிகம்; பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் கொள்ளைப் பிரியம். வெட்டிய கையோடு போரான் மருந்தை அழுத்தி ஏற்றி, சூளையில் உலர்த்தியிருக்க வேண்டும். “போரான் ஏத்தியாச்சா?” என்று கேளுங்கள். கடைக்காரர் திருதிருவென்று விழித்தால் அடுத்த கடை. எல்லாம் சரியாக அமைந்தால், உங்கள் பாட்டி கோடு கீறிய மரத்தின் பேத்தி மரத்தில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, இந்த வருடம் போனஸ் எத்தனை மாதம் என்று மச்சானிடம் விசாரிக்கலாம். பாட்டிக்குப் போனஸ் எப்படி வந்தது என்று யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

இப்போது முக்கியமான சங்கதிக்கு வருகிறோம்: யார் எங்கே உட்காருவது.

பார் என்பது ஒருவரை ஒருவர் தெரியாதவர்களுக்காக உண்டான ஏற்பாடு. இந்தப் பக்கம் ஊற்றுகிறவர், அந்தப் பக்கம் குடிக்கிறவர், இருவருக்கும் உறவு கிடையாது. நம் வீட்டில் எல்லாரும் உறவு. அப்பா முன்னால் மகன் குடிக்க மாட்டான். மாமனார் முன்னால் மருமகன் குடிக்க மாட்டார். மாமனார் மருமகன் முன்னால் கோக் மட்டும் குடிப்பார். அந்தக் கோக் ஏன் அவ்வளவு வெளுப்பாக இருக்கிறது என்று கேட்கக் கூடாது. அண்ணன் வந்தால் தம்பியின் டம்ளர் நாற்காலிக் காலுக்குப் பின்னால் போய்விடும். எல்லாருக்கும் எல்லாம் தெரியும். தெரிந்தது தெரியாதது போல இருப்பதுதான் மரியாதை. போர்ச்சில் அதற்கு வசதி உண்டு: அரையிருட்டு, தூண், பூந்தொட்டி, காரின் பின்பக்கம். ஹாலில் நீங்கள் கட்டப்போகும் பாரிலோ தலைக்கு மேலே மூன்று ஸ்பாட்லைட், பின்னால் முழுநீளக் கண்ணாடி. மாமனாருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாலும் கண்ணாடியில் அவர் உங்களைப் பார்ப்பார். இந்த ஒரு காரணத்தால்தான் கிள்ளான் பார்களில் யாரும் குடிப்பதில்லை என்பது என் துணிபு.

ஆகவே ஸ்டூல் எத்தனை என்று முடிவு செய்ய ஒரு வழி சொல்கிறேன். குடும்பத்தில் உங்கள் முன்னால் குடிக்கக்கூடிய, நீங்களும் அவர் முன்னால் குடிக்கக்கூடிய ஆட்களை எண்ணுங்கள். மச்சான்கள், சில சகலைகள், கூடப் படித்தவர்கள். அதில் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டவர்களைக் கழியுங்கள். மாலை போட்டவர்களைக் கழியுங்கள். டாக்டர் சர்க்கரை என்று சொல்லிவிட்டவர்களைக் கழிக்க வேண்டியதில்லை, அவர்கள் வருவார்கள். போன கல்யாணத்தில் உங்களோடு பேச்சை முறித்துக்கொண்டவரைக் கழியுங்கள். மிஞ்சுவது இரண்டோ மூன்றோ. கடையில் ஸ்டூல் நாலு நாலாகத்தான் விற்பார்கள். நாலாவதில் மாமியாரின் துளசிச் செடியை வைக்கலாம்.

பின்னால் நின்று ஊற்றப்போவது யார் என்பதையும் யோசித்தீர்களா? வீட்டுக்காரர் நீங்கள்தான். அதாவது மூன்று வருடம் கடன் கட்டிக் கட்டிய பாரில் உட்காராத ஒரே ஆள் நீங்கள். “அண்ணே, ஐஸ் இருக்கா?” “அண்ணே, சோடா முடிஞ்சிருச்சு.” இதற்கிடையில் மட்டன் வறுவல் பின்கட்டிலிருந்து வர வேண்டும். பின்கட்டுக்கும் ஹாலுக்கும் உள்ள தூரம் நீங்கள் சமையலறையை நீட்டிக் கட்டியதால் முன்னைவிடக் கூடிவிட்டது. அந்தத் தூரத்தைத் தட்டோடு நடக்கப்போவது நீங்கள் இல்லை. அதனால் இந்தப் பேச்சு எப்படியும் வீட்டில் வரும்:

“எதுக்குங்க இப்ப பார்?”

“கெஸ்ட் வந்தா உக்கார எடம் வேணாமா?”

“போன தீபாவளிக்கு ஹால்ல ஏர்கோன் போட்டு வச்சேன். ஒருத்தர் உள்ள வந்தாங்களா? எல்லாரும் போர்ச்சுலதான கெடந்தீங்க?”

“பார் இல்லாததுனாலதான் அப்படி.”

“சரி, கிளாஸ் யாரு கழுவுறது?”

கடைசிக் கேள்விக்கு விடை தெரியாமல் கொண்ட்ராக்டருக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். பாருக்கென்று தனியாக ஒரு சிங்க் வைப்பதாகச் சொல்லிச் சமாளித்தவர்கள் உண்டு. அதற்குத் தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் இழுக்க ஹால் தரையை உடைக்க வேண்டும்; உடைத்தால் அதே நிறத்து டைல் இப்போது கடையில் கிடையாது. சுவரை இடிப்பது, கட்டடத்தின் அமைப்பை மாற்றுவது என்றால் நகராண்மைக் கழகத்தில் பெர்மிட் எடுக்க வேண்டும். கிள்ளானில் அது 2024 பிப்ரவரியிலிருந்து அரச மாநகர மன்றம். மனுவில் ‘பார்’ என்று எழுதினால் உணவகம் திறக்கிறீர்களா என்று கேட்பார்கள். கொண்ட்ராக்டர்கள் ‘கேபினட்’ என்று எழுதிக்கொள்வார்கள்.

புட்டிகள். அடுக்கும் முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான்: பிளாக் லேபிள், சீவாஸ், மார்ட்டெல், விமான நிலையத்து டியூட்டி ஃப்ரீ பையோடு வந்த பெயர் வாயில் நுழையாத ஒன்று. ஆளுக்கு ஒரு லிட்டர்தான் வரியில்லாமல் கொண்டுவரலாம் என்பதால், குடும்பத்தோடு லங்காவி போகிறவர்கள் குடிக்காத பெரியம்மாவையும் கையோடு கூட்டிப்போவார்கள். பெரியம்மாவுக்குக் கேபிள் கார் பார்த்த மாதிரியும் ஆயிற்று.

இங்கே ஒரு மூடநம்பிக்கையைத் தீர்த்துவைக்க வேண்டும். மகன் பிறந்தபோது வாங்கிய பன்னிரண்டு வருடத்து விஸ்கியை அவன் கல்யாணத்துக்கென்று வைத்திருக்கிறீர்கள். அது இப்போது நாற்பது வருடத்துச் சரக்கு என்று எல்லாரிடமும் சொல்கிறீர்கள். விஸ்கிக்கு வயதாவது மரப்பீப்பாயில்; கண்ணாடிப் புட்டிக்குள் வந்ததும் வயது நின்றுவிடும். எழுதியிருப்பது பன்னிரண்டு என்றால் என்றைக்கும் பன்னிரண்டுதான். மகனுக்குத்தான் வயதாகியிருக்கிறது. வைன் புட்டியைப் படுக்க வைக்க வேண்டும், தக்கை காயாமலிருக்க. விஸ்கியை நிற்க வைக்க வேண்டும், அதன் காரம் தக்கையை அரித்துவிடும். கிள்ளான் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது: வைன் நிற்கிறது, விஸ்கி சோபாவுக்கு அடியில் படுத்திருக்கிறது. மேற்குச் சுவரில் அலமாரி வைக்காதீர்கள். மாலை வெயில் பட்டால் லேபிள் வெளுத்துவிடும், லேபிள் வெளுத்தால் பாரின் நோக்கமே கெட்டது. காலிப் புட்டியைத் தூக்கிப் போடவும் வேண்டாம். தேயிலைச் சாயம் சரியாகக் கலந்தால் தூரத்துக்கு வித்தியாசம் தெரியாது. தண்ணீர் விட்டு மணி பிளாண்ட் வைப்பது நம் அம்மாக்கள் கண்ட முறை. அதற்கு இன்றும் மாற்று இல்லை.

பீரை மட்டும் வாங்கிக் குவிக்காதீர்கள். கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகும் பெடரல் நெடுஞ்சாலை வழியில்தான் ஷா ஆலாமில் கார்ல்ஸ்பர்க் ஆலையும், சுங்கைவேயில் ஹைனெக்கன், டைகர், கின்னஸ் வடிக்கும் ஆலையும் இருக்கின்றன. நாட்டின் பீரெல்லாம் உங்கள் வீட்டு வாசலில் உற்பத்தியாகிறது. ஆனால் விலையில் ஒரு காசு குறையாது, ஏனென்றால் வரி தூரத்துக்கு இல்லை, சாராயச் சத்துக்கு. 2016 மார்ச் 1 முதல் தூய ஆல்கஹால் லிட்டருக்கு 175 வெள்ளி கலால் வரி. ஐந்து விழுக்காட்டு பீர், 330 மில்லி டின் என்றால் அதற்குள் ஆல்கஹால் பதினாறரை மில்லி. வரி மட்டும் ஏறத்தாழ 2 வெள்ளி 89 காசு. 2025 நவம்பரில் அதன்மேல் 10 விழுக்காடு ஏற்றினார்கள். மச்சான் குடிக்காமல் வைத்துவிட்டுப் போகும் கால் டின்னில் எழுபது எண்பது காசு வரி மிதந்துகொண்டிருக்கிறது. ஊற்றும்போது இதைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். மச்சான் வருவது குறையும்.

விலை பொறுக்காமல் நாமே வடித்தால் என்ன என்று கேட்பவருக்கு: 1976-ஆம் ஆண்டுக் கலால் சட்டம், உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். பாதி விலைக்குக் கிடைக்கும் மலிவுச் சரக்கு என்று யாராவது காரின் பின்பெட்டியைத் திறந்து காட்டினால் அதையும் தொடாதீர்கள். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த போலி மது குடித்து நாற்பது பேருக்கு மேல் செத்தார்கள். பலர் இங்கே வேலைக்கு வந்த வெளிநாட்டுப் பிள்ளைகள். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. வரி முத்திரை ஒட்டிய புட்டியைக் கடையில் காசு கொடுத்து வாங்குங்கள், அவ்வளவுதான்.

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு உங்கள் பாருக்கு வருடாந்தரப் பரீட்சை. ஆபீசிலிருந்து மலாய் நண்பர்கள் வருவார்கள், அடுத்த வீட்டு ஹாஜி வருவார், மகளின் டீச்சர் வருவார். ஹலால் கேட்டரிங்குக்குச் சொல்லி, தட்டு கரண்டியெல்லாம் வாடகைக்கு எடுத்து, இவ்வளவு பார்த்துச் செய்துவிட்டு, அவர்கள் முகத்துக்கு நேரே இருபது புட்டியை ஸ்பாட்லைட் போட்டு வைத்திருப்பது அழகா? திரை போடலாம். திரை போட்டால் பின்னால் என்ன என்று குழந்தைகள் முதல் காரியமாக இழுத்துப் பார்க்கும். கடைக்குப் போடுவது மாதிரி ரோலர் ஷட்டர் போட்ட ஒரு வீட்டைப் பார்த்தேன், வந்தவர் ஒருவர் “ஐயா கடை எத்தனை மணிக்குத் திறக்கும்?” என்று கேட்டார். சிறந்த ஏற்பாடு, மேடையின் மேல் எஃப் அண்ட் என் ஆரஞ்சு, சாராசி பெட்டிகளைக் கோபுரமாக அடுக்கி, முன்னால் முறுக்கு டின்களை வரிசை கட்டிவிடுவது. அன்றைக்கு மட்டும் அந்த மேடையில் நிஜமாகவே ஆட்கள் வந்து நிற்பார்கள், நிஜமாகவே குடிப்பார்கள், ஊற்றுகிறவருக்கும் கை ஓயாது. நீங்கள் கனவு கண்ட பார் அதுதான், சிரப் பாண்டோங்கோடு.

வருடத்தில் எத்தனை நாள் பார் திறந்திருக்கும் என்றும் காலண்டரை எடுத்துப் பார்த்துவிடுங்கள். புரட்டாசி முழுக்க மூடல். கார்த்திகையில் வீட்டில் யாராவது மாலை போட்டால் மூடல். தைப்பூசத்துக்கு முன் விரதம். ஆடியில் அம்மனுக்குக் கூழ். செவ்வாய், வெள்ளி. அமாவாசை. பிள்ளைகளுக்கு எஸ்பிஎம் பரீட்சை நடக்கும் வாரங்கள். மிஞ்சும் சனிக்கிழமைகளில் பாதி யாராவது ஒருவருடைய கல்யாணம், அங்கே வேறு ஏற்பாடு உண்டு.

சட்டம் இரண்டு வரி. 2017 டிசம்பர் 1 முதல் மது விற்பனைக்கான வயது 21. வீட்டில் நீங்கள் விற்கப்போவதில்லை. ஆனாலும் பதினெட்டு வயதுப் பையன் பார் பின்னால் நின்று சோடா திறந்து கொடுத்துப் பழகுவதை அவன் அம்மா எப்படிப் பார்ப்பார் என்பதற்குச் சட்டப் புத்தகம் தேவையில்லை. வந்தவர்கள் திரும்பிப் போவது அடுத்த கவலை. 2020 அக்டோபரில் சட்டத்தைத் திருத்தி, 100 மில்லி இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்றிருந்த வரம்பை 50 ஆக்கினார்கள். மீறி ஓட்டிப் பிடிபட்டால் முதல் தடவைக்கே குறைந்தது பத்தாயிரம் வெள்ளி அபராதம், சிறையும் உண்டு. ஆகவே பார் செலவில் இரண்டு தோத்தோ மெத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பூச்சோங்கிலிருந்து வந்த மச்சான் “நான் ஸ்டெடிதான்” என்று சொன்ன உடனே கார்ச் சாவியை வாங்கி அரிசிப் பானைக்குள் போட்டுவிட வேண்டும். காலையில் தோசைக்கு அரிசி ஊறப்போடும்போது கிடைக்கும்.

அரிசி ஊறும் தண்ணீர் என்றதும் இன்னொரு தண்ணீர் ஞாபகம் வருகிறது. 2021 டிசம்பர் 18-ல் தொடங்கிய வெள்ளத்தில் ஸ்ரீ மூடாவிலும் கிள்ளானிலும் கீழ்மாடி முழுகிய வீடுகள் எத்தனையோ. தாழ்வான தாமான் என்றால் பாரைக் கீழே கட்டுவதில் அர்த்தமில்லை. பிளைவுட் ஊறி உப்பிப் பிளந்துவிடும். மேல்மாடியில் கட்டலாம், அங்கே பார்க்க யாரும் வர மாட்டார்கள், துணி மடிக்க நல்ல உயரம்.

இத்தனையும் படித்த பிறகும் கட்டியே தீருவேன் என்றால், நல்ல நாள் பார்த்து, ஜாலான் தெங்கு கிளானாவில் மாவிலைத் தோரணம் வாங்கிக் கட்டி, தேங்காய் உடைத்துத் திறந்துவைத்துவிடுங்கள். முதல் நாள் எல்லாரும் வருவார்கள். ஆளுக்கொரு படம் எடுத்துக்கொண்டு போர்ச்சுக்குப் போவார்கள். காரை முன்கூட்டியே ரோட்டுக்கு எடுத்து வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நாற்காலி போட இடமிருக்காது.

ஒரு கவலை மட்டும் வேண்டாம்: பின்னால் வீட்டை விற்கும்போது இந்தப் பாரால் விலை குறையுமோ என்று. ஏஜென்ட் வந்து புட்டிகளையெல்லாம் எடுக்கச் சொல்லி, மேடை மேல் ஒரு பழக்கூடையும் காப்பிப் பொறியும் வைத்துப் படம் எடுத்து, விளம்பரத்தில் ‘விசாலமான ட்ரை கிச்சன்’ என்று போட்டுவிடுவார்.